உத்தியோக மனு

மனு எழுதித் தரும்படி நம்மைத் தேடி வருவோருக்கு ஒரு பருவம் உண்டு. பரீட்சை முடிவுகள் வெளியான சில நாட்களில் வரத் தொடங்குவார்கள். ஐப்பசி மழை பிடித்துக்கொள்ளும் வரையில் வந்துகொண்டிருப்பார்கள். பள்ளிக்கூட வாத்தியாருக்கு இங்கிலீஷ் தெரியும், காசும் கேட்கமாட்டார் என்ற இரண்டு நம்பிக்கைகள் அவர்களை நம் வீட்டுத் திண்ணைக்குக் கொண்டுவந்து சேர்க்கின்றன. இவற்றுள் இரண்டாவது நம்பிக்கை முற்றிலும் சரியானது.

சென்ற மாதம் வந்தவன் செம்மங்குப்பத்துப் பிள்ளை. ஆறு வருஷங்களுக்கு முன்பு நம்மிடம் பத்தாம் வகுப்பு வாசித்தவன். கடலூர் முதுநகரைத் தாண்டிச் சிதம்பரம் சாலையில் பிரயாணம் செய்த நேயர்கள் அங்குள்ள சிப்காட் தொழிற்சாலைகளைப் பார்த்திருப்பார்கள். கண்ணை மூடிக்கொண்டு போனவர்களும் மூக்கினால் அறிந்திருப்பார்கள். 1980-களில் வந்த அந்தத் தொழிற்பேட்டையை ஒட்டிய ஊர்களில் செம்மங்குப்பமும் ஒன்று. மருந்துச் சரக்கும் சாயச் சரக்கும் செய்யும் அந்த மதில்களுக்கு வெளியே பிறந்து வளர்ந்த பிள்ளைகளுக்கு, உள்ளே நிரந்தர உத்தியோகஸ்தராக நுழையும் வழி மட்டும் எளிதில் புலப்படுவதில்லை.

பையன் நீட்டிய மனு நான்கு பக்கம் இருந்தது. தலைப்பில், "சவால் நிறைந்த சூழ்நிலையில் எனது திறமை முழுவதையும் ஸ்தாபனத்தின் வளர்ச்சிக்காக அர்ப்பணிப்பதே என் இலட்சியம்" என்ற பொருள்பட ஓர் இங்கிலீஷ் வாக்கியம். இதே வாக்கியத்தை நர்ஸ் வேலைக்கு மனுப் போட்ட பெண்ணின் காகிதத்திலும், ஜவுளிக் கடைக் கணக்கு வேலைக்குப் போட்டவனுடைய காகிதத்திலும் நாம் ஏற்கெனவே வாசித்திருக்கிறோம். கீழே, தகப்பனார் பெயர், மதம், ஜாதி, உயரம், எடை, விவாகமாகவில்லை என்ற செய்தி, ஆதார் எண். இவற்றுள் முக்கால்வாசி கலியாணத் தரகரிடம் கொடுக்கவேண்டியவை. ஆதார் எண்ணோ, கேளாதவரிடம் கொடுக்கவே கூடாதது. பொழுதுபோக்கு என்ற இடத்தில், சங்கீதம் கேட்பதும் நாவல் படிப்பதும் என்று கண்டிருந்தது.

"கடைசியாக எந்த நாவல் படித்தாய்?" என்று கேட்டோம்.

பையன் சிரித்துவிட்டான். "பிரௌசிங் சென்டர் அண்ணன்தான் போட்டாரு சார். அது எல்லாருக்கும் வர்றது."

மனுவின் முடிவில், மேற்கண்ட யாவும் உண்மை என்று உறுதி கூறுவதாகக் கையெழுத்து வேறு போட்டிருந்தான்; நாவல் உட்பட.

ஐ.டி.ஐ.யில் பிட்டர் தொழில் தேறியவன் என்பது மூன்றாம் பக்கத்தில் ஒரு வரியாக ஒளிந்திருந்தது. அதற்குப் பிறகு? காகிதத்தில் ஒன்றுமில்லை. வாய் விட்டுக் கேட்ட பிறகுதான் விஷயம் வெளிவந்தது. ஒன்றரை வருஷம் ஒரு கான்ட்ராக்டரிடம் இருந்து, தொழிற்சாலைகளில் ஷட்டௌன் வேலை பார்த்திருக்கிறான். பம்பைப் பிரித்து கிளாண்ட் பாக்கிங் மாற்றுவது, பேரிங் கழற்றி மாட்டுவது, டயல் கேஜ் வைத்துக் கப்ளிங்கை நேர்ப்படுத்துவது, கேஸ்கட் வெட்டுவது எல்லாம் செய்திருக்கிறான்.

"பிளாஞ்சைத் திறக்கச் சொன்னால் உடனே திறந்துவிடுவாயா?" என்று சும்மா கேட்டு வைத்தோம். தொழிற்சாலை விஷயத்தில் நம் ஞானம் அவ்வளவுதான்.

"அய்யோ, அது எப்படி சார்? பர்மிட்டு வாங்கணும். லைன்ல ஆசிட் நிக்குதா, வடிச்சாங்களான்னு பாக்கணும். வால்வைப் பூட்டிச் சீட்டு மாட்டியிருக்கணும். ஒருத்தன் அவசரப்பட்டா பக்கத்துல நிக்கறவனுக்கும் சேர்த்துத்தான் சார் வெந்துபோவும்."

"இதையெல்லாம் ஏன் எழுதவில்லை?"

"அது கான்ட்ராக்ட் வேலைதானே சார். அதைப் போயி எழுதுவாங்களா?"

இரசாயனத் தொழிற்சாலைக்காரர் யாரை வேலைக்கு வைக்கப் பிரியப்படுவார்? சவால் நிறைந்த சூழ்நிலையைத் தேடுகிறவனை அன்று. ஆசிட் குழாயைத் திறப்பதற்கு முன் நின்று யோசிக்கிறவனைத்தான். அந்த ஒரு தகுதி பையனிடம் இருந்தது. மனுவில் மட்டும் இல்லை.

அதற்கடுத்த ஒன்றரை வருஷம் எங்கே என்று கேட்டோம். பையன் சற்று நேரம் திண்ணைத் தூணைப் பார்த்துக்கொண்டிருந்தான். தகப்பனாருக்குச் சிறுநீரகம் கெட்டுவிட்டதாம்; வாரம் இரண்டு முறை டயாலிசிஸுக்குப் புதுச்சேரிக்கு அழைத்துக்கொண்டு போவதற்கு இவனை விட்டால் ஆளில்லை. சென்ற தை மாதம் அவர் காலமாகிவிட்டார். வீட்டில் தாயாரும், பிளஸ் டூ வாசிக்கும் தங்கையும்.

"இதை எழுதினா, பரிதாபத்துக்காக எழுதின மாதிரி ஆயிடாதா சார்?"

நியாயமான கேள்வி. இதற்கு விடை தேடியபோது நமக்கு 1912-ம் வருஷத்து மனு ஒன்று நினைவுக்கு வந்தது. அதன் கதை இந்த வழியாகவே தொடங்குகிறது.

1910-ம் வருஷக் கடைசியில் கும்பகோணத்து இளைஞர் ஒருவர் ரயிலேறி விழுப்புரத்தில் இறங்கி, அங்கே வண்டி மாறித் திருக்கோவிலூருக்குப் போனார். மாயவரம், சிதம்பரம், கடலூர் வழியாக விழுப்புரம் போகும் அந்த இருப்புப் பாதை நம் பையனுடைய ஊரைக் கடந்துதான் போகிறது. திருக்கோவிலூர் அந்நாளில் நம் தென்னாற்காடு ஜில்லாவைச் சேர்ந்தது. அங்கே டிப்டி கலெக்டராக இருந்த வி. ராமஸ்வாமி அய்யர், 1907-ல் இந்தியக் கணித சங்கத்தைத் தோற்றுவித்தவர். வந்த இளைஞர் ஸ்ரீனிவாச ராமானுஜன். முந்திய வருஷம் கலியாணம் ஆகியிருந்தது, எப்.ஏ. பரீட்சையோ தேறவில்லை. கணக்கைத் தவிர வேறு பாடத்தில் மனம் செல்லாததால், கும்பகோணம் காலேஜிலும் சென்னைப் பச்சையப்பன் காலேஜிலும் படிப்பு நின்றுபோயிற்று. ஒரு குமாஸ்தா வேலை கேட்டார். யோக்கியதாம்சமாக அவர் காட்டியவை தம் கணித நோட்டுப் புத்தகங்கள் மட்டுமே.

அய்யர் அவற்றைப் புரட்டிப் பார்த்தார்; வேலை தர மறுத்துவிட்டார். இப்படிப்பட்ட மேதையை ரெவின்யூ இலாகாவின் கடைசிப் படியில் உட்கார்த்தி வைத்து நசுக்க அவருக்கு மனமில்லை. சென்னையிலுள்ள கணித நண்பர்களுக்குச் சிபார்சுக் கடிதம் கொடுத்தனுப்பினார். வேலை மறுக்கப்பட்டவர் இவ்வளவு நன்மையோடு திரும்பிய வேறொரு சம்பவத்தை நாம் கேள்விப்பட்டதில்லை.

பிறகு நெல்லூர்க் கலெக்டர் ராமச்சந்திர ராவ் மாதம் ரூ. 25 வீதம் தம் கைப்பணத்தைக் கொடுத்து உதவினார். உழைக்காமல் வாங்கும் பணம் ராமானுஜனுக்கு உறுத்தியது. 1912-ம் வருஷம் பிப்ரவரி 9-ந் தேதி சென்னைத் துறைமுக டிரஸ்டுக்கு ஒரு மனு எழுதினார். ஆபீஸில் குமாஸ்தா ஸ்தானம் ஒன்று காலி என்று அறிந்து விண்ணப்பிக்கிறேன்; மெட்ரிகுலேஷன் தேறி எப்.ஏ. வரை வாசித்தேன், பாதகமான சில சந்தர்ப்பங்களால் மேற்கொண்டு படிக்க இயலவில்லை, அதன் பின்னர் என் காலம் முழுவதையும் கணிதத்திலேயே செலவிட்டு வருகிறேன், நியமித்தால் வேலையைச் சரிவரச் செய்வேன் என்ற உறுதி இருக்கிறது. சாராம்சம் இவ்வளவே. இத்துடன் பிரஸிடென்ஸி காலேஜ் கணிதப் பேராசிரியர் மிடில்மாஸ்ட் கொடுத்த சிபார்சும் இருந்தது. மார்ச் 1-ந் தேதி மாதம் ரூ. 30 சம்பளத்தில் வேலையில் அமர்ந்தார்.

அந்த மனுவில் நாம் மிகவும் போற்றுவது, படிப்பு நின்றதைச் சொல்லும் ஒரே ஒரு வாக்கியத்தை. தேறவில்லை என்று அவர் தம்மை நொந்துகொள்ளவில்லை; தேறியதாகவும் சொல்லவில்லை. பட்டினியையும் அவமானத்தையும் எடுத்து விரிக்கவுமில்லை. கதவைச் சற்றே திறந்து காட்டிவிட்டு, அடுத்த வாக்கியத்தில் தாம் செய்துவரும் வேலைக்குப் போய்விட்டார்.

மறு வருஷம் ஜனவரி 16-ந் தேதி கேம்பிரிட்ஜிலிருந்த ஹார்டிக்கு எழுதிய கடிதமும் ஒருவகையில் மனுதான். அதிலும் தாம் துறைமுக ஆபீஸ் குமாஸ்தா, சம்பளம் வருஷத்துக்கு 20 பவுன்தான், சர்வகலாசாலைப் படிப்பு இல்லை என்பவற்றை முதலிலேயே சொல்லிவிட்டு, பக்கம் பக்கமாகத் தம் தேற்றங்களைச் சேர்த்து அனுப்பினார். சான்றிதழுக்குப் பதில் சரக்கையே அனுப்பிவிட்டார். வயதை மட்டும் ஏறக்குறைய இருபத்துமூன்று என்று எழுதினார், உண்மையில் இருபத்தைந்து. இக்காலத்து மனுதாரர்கள் அவரிடம் கற்றுக்கொள்ளக் கூடாதது இது ஒன்றே.

ராமானுஜன் எங்கே, பிட்டர் பையன் எங்கே என்று நேயர்கள் கேட்கலாம். ரூ. 30 வேலைக்கு மனு எழுதிய அந்தக் காலை நேரத்தில் அவரும் பரீட்சையில் தோற்ற ஒரு பிள்ளைதான். மேதைக்குக்கூட, நான் இன்னது செய்தேன் என்று சொல்லவும், ஆமாம் என்று சொல்ல ஒரு மிடில்மாஸ்டும் வேண்டியிருந்தது.

பையனுக்கு மிடில்மாஸ்ட் யார்? யாரும் சர்டிபிகேட் கொடுக்கவில்லை என்றான். பி.எப். பிடித்தார்களா என்று விசாரித்தோம், பிடித்தார்களாம். சேமநிதிக் கணக்கில் எந்த நிறுவனத்தின் பெயரில் எந்தெந்த மாதம் பணம் கட்டப்பட்டது என்பது பதிவாகியிருக்கும்; அதைவிட நல்ல சாட்சி வேறென்ன? வேலை வாங்கிய போர்மன் இருக்கிறாரா என்று கேட்டோம். இருக்கிறாராம், கோபக்காரராம், ஆனால் இவன் கட்டிய பம்பை இரண்டாம் முறை சோதிக்கமாட்டாராம். "போய் அவரிடம், உங்கள் பெயரையும் போன் நம்பரையும் மனுவில் எழுதலாமா என்று கேட்டு வா" என்று அனுப்பினோம். மறுநாள் சம்மதத்தோடு வந்தான்.

நான்கு பக்கம் ஒரு பக்கமாயிற்று. இலட்சியம் போயிற்று, ஜாதியும் எடையும் போயின. முதலில் பெயர், போன், மின்னஞ்சல். (அந்த மின்னஞ்சலில் ஒரு சினிமா நடிகரின் பெயர் ஒட்டிக்கொண்டிருந்தது. புதிதாக ஒன்று ஏற்படுத்தச் சொன்னோம். பையன் வருத்தப்பட்டான்.) அதன் கீழே, எந்த வேலைக்கு மனு என்பது. பிறகு எந்த மாதம் முதல் எந்த மாதம் வரை, எவ்வகைத் தொழிற்சாலையில், என்னென்ன இயந்திரத்தில், என்ன செய்தான் என்று ஆறு வரிகள். பர்மிட் முறைப்படி வேலை செய்து பழக்கம் என்று தனியே ஒரு வரி. ஐ.டி.ஐ. சான்றிதழ். தகப்பனாரின் நோய் காரணமாக ஒன்றரை வருஷம் வேலைக்குச் செல்ல இயலவில்லை, இப்போது உடனே சேரத் தயார் என்று ஒரு வாக்கியம். போர்மன் பெயர். நாவல் எடுபட்டதில் அவனுக்கு நிம்மதி.

இவ்வளவையும் செய்து முடிக்க இரண்டு மாலைப் பொழுதுகள் ஆயின. பெரும் பகுதி எழுதுவதில் போகவில்லை. அவனைப் பேச வைப்பதில் போயிற்று. தாம் செய்யும் வேலையை வேலையென்று எண்ணாத பிள்ளைகளை நாம்தான் பள்ளிக்கூடத்தில் தயார் செய்து அனுப்புகிறோமோ என்ற சந்தேகமும் நடுவே எழுந்தது. மார்க்கைத் தவிர வேறெதையும் நாம் அவர்களிடம் கேட்டதில்லை அல்லவா?

இன்னும் உத்தரவு வரவில்லை. ஆனால் தொழிற்சாலையிலிருந்து போர்மனுக்குப் போன் வந்ததாகப் பையன் ஓடிவந்து சொல்லிவிட்டுப் போனான். அவர் என்ன பதில் சொன்னார் என்று கேட்க அவனுக்குத் தைரியமில்லை.

இதற்கிடையில், மனுவை அச்சிட்டுக் கொடுத்த பிரௌசிங் சென்டர்க்காரருக்கு அதன் அமைப்பு மிகவும் பிடித்துப்போய்விட்டதாகத் தெரிகிறது. நேற்று மாலை வேறொரு பையன், அக்கவுண்டன்ட் வேலைக்கு மனுவுடன் வந்தான். அழகாக ஒரே பக்கம். தகப்பனாரின் நோய் காரணமாக ஒன்றரை வருஷம் வேலைக்குச் செல்ல இயலவில்லை என்று கண்டிருந்தது. அந்தத் தகப்பனார் அன்று காலையில்தான் நம் தெருவில் சைக்கிளில் போகும்போது இரண்டு கையையும் விட்டு நமக்கு வணக்கம் தெரிவித்தார்.