ஜவ்வரிசியை வெளியே விற்றால் என்ன தப்பு?

நவராத்திரி விரதத்துக்கு மகாராஷ்டிரத்தில் ஜவ்வரிசி கிச்சடி. சரக்கு போவது சேலத்திலிருந்து. ஆனா விலையை யார் சொல்றது? ஒரு காலத்தில் இடைத்தரகர்கள்தான். கையில் காசில்லாத ஆலைக்காரர் கேட்ட விலைக்குத் தள்ளிவிடணும்.

1981-ல் பதிவான 'சேகோசர்வ்' கூட்டுறவு சங்கம் இதை மாற்றியது. மூட்டையைக் கிடங்கில் வைத்தால் அதன்மேல் முன்பணம். பிறகு ரகசிய டெண்டர். விலை கட்டலையா, காத்திருக்கலாம். சின்ன ஆலைக்கு இந்தக் காத்திருக்கும் தெம்புதான் முக்கியம். 2023-ல் கிடைத்த புவிசார் குறியீடுகூட அதுக்கு அப்புறம்தான்.

சங்கத்தைத் தாண்டி விற்றால் அவசரத்துக்குப் பணம் வரும், சரி. வெளியே மலிவாகக் கிடைக்கும் சரக்கை டெண்டரில் யார் ஏற்றிக் கேட்பார்? அந்த அடி குச்சிக்கிழங்கு விவசாயி வரைக்கும் போகும். உறுப்பினர்கள் மொத்தச் சரக்கையும் சங்கத்துக்கே கொண்டுவரணும்; சங்கமும் பட்டுவாடாவை இழுத்தடிக்கக் கூடாது.