பெயர் சொல்ல அஞ்சும் போர்

தான் செய்யும் செயலின் உண்மைப் பெயரைத் தன் மக்கள் வாயினின்று கேட்க ஓர் அரசு அஞ்சுமாயின், அச்செயல் அறமன்று என்பதற்கு வேறு சான்றும் வேண்டுமோ? 2022 பிப்பிரவரி 24 அன்று உருசியப் படைகள் உக்கிரேன் நாட்டினுள் புகுந்தன. அதற்கு உருசிய அரசு இட்ட பெயர் 'சிறப்புப் படை நடவடிக்கை'. அடுத்த திங்களே, படைகளைப் பற்றிப் 'பொய்ச் செய்தி' பரப்புவார்க்குப் 15 ஆண்டுகள் வரை சிறை என்றொரு சட்டமும் பிறந்தது. போரைப் போர் என்றவர் ஒறுக்கப்பெற்றனர்.

இத்தகைய செயலை அளக்கும் கோல் ஒன்றைச் செருமானிய மெய்ப்பொருளறிஞர் இம்மானுவேல் காண்டு 1795-ஆம் ஆண்டிலேயே ஆக்கி வைத்துள்ளார். நிலைத்த அமைதியைப் பற்றிய சிறு நூல் அஃது. குடியரசு முறை, விடுதலை நாடுகளின் கூட்டிணைப்பு, அயலானைப் பகைவனாய்க் கருதாது ஏற்கும் விருந்துரிமை என்னும் அதன் மூன்று கோட்பாடுகளையே பலரும் பாராட்டுவர். எமக்கோ அதன் பிற்சேர்க்கையே பெரிதாய்ப் படுகின்றது. பிறர் உரிமையைத் தொடும் செயலொன்றின் நோக்கம், வெளிப்படக் கூறிய அளவிலேயே நிறைவேறாது கெடுமாயின், அச்செயல் முறையற்றது என்பதே ஆங்கு அவர் நாட்டும் கருத்து.

இக்கோலைக் கையிலெடுத்துப் பாருங்கள். 1994 திசம்பரில் புடாபெசுட்டு நகரில், உக்கிரேனின் எல்லைகளை மதிப்பதாக உருசியாவும் அமெரிக்காவும் பிரித்தானியாவும் கையொப்பமிட்டன. அவ்வுறுதியை நம்பி உக்கிரேன் தன் மண்ணிலிருந்த அணுப்படைக் கலங்களைக் கைவிட்டது. 'இருபதாண்டு கழித்து உம் கிரிமியாவை எடுத்துக்கொள்வோம்' என்று அன்று சொல்லியிருந்தால் அக்கலங்கள் கைமாறியிருக்குமா? 2014-இல் அடையாளக் குறியற்ற உடையில் கிரிமியாவில் இறங்கியவர்கள் தம் படையினர் அல்லர் என்று முதலில் மறுத்த பூட்டின், அவ்வாண்டே அவர்கள் தம் படையினரே என்று ஒப்புக்கொண்டார். 2022-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் நூறாயிரத்திற்கு மேற்பட்ட படையினரை எல்லையில் நிறுத்திக்கொண்டே, படையெடுக்கும் எண்ணம் இல்லை என்றும் உருசிய அரசு கூறி வந்தது.

உருசியரும் உக்கிரேனியரும் ஒரே மக்களே என்று 2021 சூலையில் பூட்டின் வெளிப்படையாகவே எழுதினாரே எனச் சிலர் வினவலாம். காண்டு இதற்கும் விடை வைத்துள்ளார். வெளிப்படச் சொல்லத்தக்க யாவும் அறமாகிவிடா. மிகுவலி படைத்தவன் தன் எண்ணத்தை மறைக்கத் தேவையில்லை.

இக்கோல் உருசியாவிற்கு மட்டும் உரியதன்று. பேரழிவுப் படைக்கலங்கள் உள்ளன என்று கூறி 2003-இல் ஈராக்கினுள் புகுந்தவை, புடாபெசுட்டில் கையொப்பமிட்ட அமெரிக்காவும் பிரித்தானியாவுமே. அக்கலங்கள் அங்குக் கிடைக்கவேயில்லை. மாற்றான் பொய்யை மட்டும் அளக்கும் கோல் கோலாகுமா?

காண்டு பிறந்து வாழ்ந்து மறைந்த கோனிக்சுபெர்க்கு நகரை 1758 முதல் 1762 வரை உருசியப் படை பற்றியிருந்தது. அந்நாளிலும் அவர் அங்கேயே பாடம் நடத்தினார். 1946 முதல் அந்நகரின் பெயர் கலினின்கிராடு, உருசியாவிற்கு உரியது. அவர் கல்லறையும் அங்கேயே உள்ளது. 2024 ஏப்பிரலில் அவருடைய 300-ஆம் பிறந்தநாளை அங்கு விழாவெடுத்துக் கொண்டாடினர். அதற்கு இரண்டு திங்கள் முன்னர்த்தான், உக்கிரேன் போருக்கு ஏறத்தாழ நேரடிக் கரணியம் காண்டே என்று அம்மாநில ஆளுநர் பேசியிருந்தார்.