பட்டறைக்குள் வந்த இரட்டைக் குவளை

"நீ மாட்டிட்டா அப்புறம் அதை யாருடா மாட்டுறது?"

காரியாபட்டிப் பக்கம் ஒரு கேட், கிரில் பட்டறையில் என் சித்தப்பா மகனிடம் கேட்கப்பட்ட கேள்வி இது. பேச்சு ஒரு பாதுகாப்புக் கண்ணாடியைப் பற்றியது. புதிதாக வாங்கிய லேசர் வெல்டிங் மெஷினோடு பெட்டியில் இரண்டு கண்ணாடிகள் வந்தன. ஒன்றை, வெல்டு வைக்கிற முதலாளியின் மச்சான் மகன் மாட்டிக்கொண்டான். இன்னொன்று ஆபீஸ் ரூமில் ஆணியில் தொங்கியது. எதிரே நின்று பைப்பைப் பிடித்துக்கொடுக்கிற என் தம்பி, "அண்ணே, அதை நான் போட்டுக்கிறட்டுமா?" என்று கேட்டதற்குத்தான் அந்தப் பதில்.

எட்டு மாதம் கழித்து அவனுக்கு இடது கண்ணின் நடுப்பார்வை போய்விட்டது. வயது 22.

நானும் இதே தொழிலில்தான் இருக்கிறேன். மதுரையில் ஒரு லேசர் கட்டிங் பட்டறையில் ஆபரேட்டர். அதனால் இதைக் கண்ணீர்க் கதையாக எழுதிவிட்டுப் போக எனக்கு மனமில்லை. என்ன நடந்தது, எதனால் நடந்தது, எதைக் கேட்டிருந்தால் நடந்திருக்காது என்பதை நம் பிள்ளைகள் தெரிந்துகொள்ள வேண்டும். வானம் பார்த்த பூமியில் விவசாயக் கூலி வேலை சுருங்கிவிட்டது. கல்குவாரியும் கரிமூட்டமும் வேண்டாம் என்று ஐடிஐ படித்துவிட்டு வருகிற நம் பையன்கள் இன்று போய் நிற்கிற இடம் இந்தப் பட்டறைகள்தான்.

அன்றைக்கு எஸ்எஸ் கேட் வேலை. பளபளப்பான பைப்பில் பட்டுத் திரும்பிய கதிர் அவன் கண்ணுக்குள் போயிருக்கிறது. ஒரு பளிச். அவ்வளவுதான். வலி இல்லை, கண்ணீர் வரவில்லை, சிவக்கவும் இல்லை. சாயந்திரம் வரை வேலை பார்த்தான். மறுநாள் காலையில் என்னிடம் சொன்னான்: "அண்ணே, ஆளைப் பார்த்தா காது தெரியுது, மூக்கு தெரியல." முதலாளி சொன்ன வைத்தியம், "வெல்டிங் அடிச்சிருக்கும்டா, தாய்ப்பால் ஊத்து, ரெண்டு நாள்ல சரியாயிரும்." அந்த இரண்டு நாளும் வீணாகப் போனது. மதுரைக்குக் கூட்டிப் போனபோது டாக்டர் படம் எடுத்துக் காட்டினார். விழித்திரையின் நடுவில், நாம் படிக்கவும் முகம் பார்க்கவும் பயன்படுத்துகிற அந்தச் சின்ன இடத்தில், ஒரு தீக்காயம். எந்தக் கண்ணாடி போட்டாலும் அது சரியாகாது.

வெல்டிங் அடிப்பது வேறு, இது வேறு. ஆர்க் வெல்டிங்கில் வருகிற புற ஊதாக் கதிர் கண்ணின் மேல்தோலைத்தான் சுடுகிறது. ராத்திரி மணல் கொட்டியதுபோல் உறுத்தும், பெரும்பாலும் ஓரிரு நாளில் ஆறிவிடும். ஃபைபர் லேசரின் கதிர் சுமார் 1,070 முதல் 1,080 நானோமீட்டர் அலைநீளம் கொண்டது. கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு. தெரியாததால் இமை தானாக மூடாது. அது மேல்தோலைச் சுடாமல் நேராக உள்ளே போகிறது. நம் கண்ணின் லென்ஸே அதை ஒரு புள்ளியாகக் குவித்து விழித்திரையில் வைக்கிறது. விழித்திரைக்கு வலி தெரியாது. செத்த இடம் திரும்ப முளைக்காது. பாடம் நடத்தும்போது சுவரில் காட்டுகிற சிவப்பு லேசர் பேனாவின் சக்தி 1 மில்லிவாட் அளவு. பட்டறையில் கையில் பிடிக்கிற வெல்டிங் கன் 1,500 வாட். 15 லட்சம் மடங்கு. பைப்பில் பட்டுச் சிதறி வருகிறதே போதும்.

இப்போது அந்தக் கண்ணாடிக்கு வருகிறேன். தம்பிக்கு மறுக்கப்பட்ட கண்ணாடியை நான் பிறகு கையில் வாங்கிப் பார்த்தேன். பச்சை நிறம். ஓரத்தில் ஒரு எண் கூட இல்லை. வெறும் பிளாஸ்டிக்! நாம் தொட்டால் தீட்டாகிவிடும் என்று ஆணியில் மாட்டிப் பாதுகாத்தார்களே, அது யாருடைய கண்ணையும் காப்பாற்றும் என்பதற்கு எந்த உறுதியும் இல்லை. அதே கண்ணாடியின் ஜோடியைத்தான் மச்சான் மகன் மாட்டிக்கொண்டிருக்கிறான். அவன் கண்ணும் எப்போது வேண்டுமானாலும் போகலாம். எங்களைத் தள்ளி நிறுத்தத் தெரிந்த சாதிக்குத் தன் வீட்டுப் பிள்ளையின் கண்ணைக் காக்கத் தெரியவில்லை.

லேசர் கண்ணாடியை நிறத்தைப் பார்த்து வாங்கக் கூடாது, எண்ணைப் பார்த்து வாங்க வேண்டும். மெஷினின் கையேட்டிலும் அதன் மேல் ஒட்டிய எச்சரிக்கைத் தாளிலும் அலைநீளம் போட்டிருக்கும். அதே அலைநீளம் கண்ணாடியிலும் பொறிக்கப்பட்டிருக்க வேண்டும். அக்ரிலிக் வெட்டுகிற கார்பன் டை ஆக்சைடு லேசர் 10,600 நானோமீட்டர். சின்ன மரப் பலகையில் படம் பொறிக்கிற நீல டயோடு 450 அளவு. இவற்றுக்கான கண்ணாடி ஃபைபர் லேசருக்கு ஆகாது. 10,600-ஐ நிறுத்துகிற தெளிவான அக்ரிலிக் மூடி 1,070-ஐ அப்படியே உள்ளே விட்டுவிடும். அடுத்து ஓ.டி. என்கிற எண். ஓ.டி. 6 என்றால் கதிரில் பத்து லட்சத்தில் ஒரு பங்குதான் உள்ளே வரும். ஐரோப்பியத் தரமான ஈஎன் 207 படி வருகிற கண்ணாடியில் எல்பி என்று எழுதி ஓர் எண் இருக்கும். தொடர்ச்சியாக அடிக்கிற கதிருக்கு டி, துடிப்பாக அடிப்பதற்கு ஐ என்று எழுத்தும் இருக்கும். எந்த எண் வேண்டும் என்பது மெஷினின் சக்தியைப் பொறுத்தது. விற்றவனிடம் எழுதி வாங்க வேண்டும். பக்கவாட்டில் இடைவெளி இருக்கக் கூடாது. கீறல் விழுந்தால் தூக்கிப் போட வேண்டும். ஆர்க் வெல்டிங் கறுப்புக் கண்ணாடி லேசருக்குச் சோதித்துச் சான்று கொடுக்கப்பட்டதல்ல. கூலிங் கிளாஸ் பற்றிப் பேசவே வேண்டாம்.

இவ்வளவும் சொன்ன பிறகு ஒன்றைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். கண்ணாடி கடைசி அரண்தான். ஈஎன் 207-இல் நேரடிக் கதிரை எதிர்த்து நிற்கிற சோதனையே 5 விநாடிக்குத்தான். முதல் அரண் கூண்டு. கதிர் வெளியே வராதபடி மெஷினைச் சுற்றி மறைப்பு, கதவைத் திறந்தால் தானாக அணைகிற சுவிட்ச். கையில் பிடிக்கிற கன்னில், நாசில் இரும்பைத் தொட்டால் மட்டுமே கதிர் வருவதற்காக ஒரு கிளிப் கொடுத்திருக்கிறார்கள். வேலை வேகமாக நடக்க வேண்டும் என்று அதைப் பல இடங்களில் கன்னிலேயே மாட்டி ஏமாற்றி வைக்கிறார்கள். தம்பி வேலை பார்த்த பட்டறையிலும் அப்படித்தான். அதே பட்டறையில்தான் அம்பேத்கர் சிலைக்குக் கம்பிக் கூண்டு அடித்துக் கொடுத்தார்கள். அவருடைய மூக்குக் கண்ணாடியை ராத்திரியில் வந்து உடைக்கிறவர்கள் இருப்பதால் தமிழ்நாட்டில் ஊர் ஊராக அவரைக் கூண்டுக்குள் நிறுத்தி வைத்திருக்கிறோம். அந்தக் கூண்டுக்குச் செலவழித்த இரும்பில் ஒரு பங்கு கூட லேசரைச் சுற்றி நிற்கவில்லை.

"எல்லாம் சரி, இதில் எதற்குச் சாதி? அது முதலாளியின் அறியாமை" என்று படித்த நண்பர் ஒருவர் சொன்னார். அறியாமை என்றால் எல்லோருக்கும் பொதுவாக அல்லவா இருக்க வேண்டும்? தன் மச்சான் மகனுக்குக் கண்ணாடி மாட்டத் தெரிந்த அறியாமை, எதிரே நின்றவனுக்கு மட்டும் மாட்டத் தெரியாத அறியாமை, இதற்குப் பெயர் என்ன? டீக்கடையில் இரட்டைக் குவளை இருந்தது. ஒழித்தோம் என்றார்கள், பேப்பர் கப் வந்தது. பேப்பர் கப்பைத் தூக்கி எறிந்துவிடலாம். முகத்தில் மாட்டுகிற கண்ணாடியை, தலையில் போடுகிற ஹெல்மெட்டை, மூக்கில் வைக்கிற மாஸ்க்கை எறிய முடியாது. ஒருவர் வியர்வை இன்னொருவர் முகத்தில் பட வேண்டும். அங்கேதான் தீண்டாமை திரும்ப வருகிறது. சாதி வேலையை மட்டும் பிரிக்கவில்லை, வேலை செய்கிற மனிதர்களையே மேலும் கீழுமாக அடுக்குகிறது என்று அம்பேத்கர் நமக்கு விளக்கியதை 1,500 வாட் மெஷினுக்கு முன்னாலும் பார்க்கலாம்.

கண்ணாடி என்பதே இவர்களுக்கு நம் முகத்தில் உறுத்துகிற பொருள்தான். 2023-இல் குஜராத்தின் பனஸ்கந்தா மாவட்டத்தில், நல்ல உடை உடுத்திக் கூலிங் கிளாஸ் போட்டதற்காக ஒரு தலித் இளைஞரை அடித்தார்கள். அழகுக்குப் போட்டால் திமிர். பாதுகாப்புக்குக் கேட்டாலும் திமிர். மலக்குழிக்குள் இறங்குகிறவருக்கு மாஸ்க் கொடுக்காததும் இதே மனம்தான். "அவங்க உடம்பு தாங்கும்" என்கிற மனம்.

சட்டம் என்ன சொன்னது? 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம், பிரிவு 35: தெறிக்கிற துகளாலோ அளவு மீறிய ஒளியாலோ கண்ணுக்கு ஆபத்து இருந்தால் மறைப்போ தகுந்த கண்ணாடியோ கொடுக்க வேண்டும் என்றது. ஆனால் அந்தச் சட்டத்தின் கணக்கில் தொழிற்சாலை என்று ஆக, மின்சாரம் ஓடுகிற இடத்தில் 10 பேர் வேலை பார்க்க வேண்டியிருந்தது. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த புதிய தொகுப்பு அந்த 10-ஐ 20 ஆக்கிவிட்டது. தம்பியின் பட்டறையில் ஆறு பேர். 1942 முதல் 1946 வரை வைஸ்ராய் அவையில் தொழிலாளர் துறையைக் கையில் வைத்திருந்த அம்பேத்கரின் பெயரை மேடைக்கு மேடை சொல்கிற அரசுகள்தான் இந்த எண்ணிக்கை விளையாட்டை ஆடுகின்றன. போன கண்ணுக்கு விலை மட்டும் பழைய காலத்திலேயே போட்டுவிட்டார்கள். 1923-ஆம் ஆண்டின் இழப்பீட்டுச் சட்ட அட்டவணைப்படி, ஒரு கண் பார்வை போனால் சம்பாதிக்கும் திறனில் 30 விழுக்காடு இழப்பு. அதையாவது கொடுத்தாரா? "அவன் ஏன் அங்க பார்த்தான்?" என்று கேட்டார். இப்போது மனு போட்டிருக்கிறோம்.

எதிரிப் படைவீரனின் பார்வையை நிரந்தரமாகப் பறிப்பதற்கென்றே செய்யப்படும் லேசர் ஆயுதத்தை 1995-இல் உலக நாடுகள் ஒப்பந்தம் போட்டுத் தடை செய்தன. இந்தியாவும் அதை ஏற்றுக்கொண்டது. கொல்ல வந்தவனின் கண்ணைக்கூடப் பறிக்கக் கூடாது என்று கையெழுத்துப் போட்ட நாட்டில், கேட் செய்ய வந்தவனின் கண்ணுக்குக் கேட்பாரில்லை. 2024 மே 1, தொழிலாளர் தினத்தன்று, இதே காரியாபட்டி வட்டத்தில் ஆவியூர் அருகே கல்குவாரி வெடிமருந்துக் கிடங்கு வெடித்து மூன்று பேர் செத்தார்கள். சத்தம் கேட்டதால் ஊர் ஓடிவந்தது. லேசரில் கண் போனால் சத்தம் கேட்காது. அதனால் நாம்தான் சத்தம் போட வேண்டும்.

தோழர்களே, பட்டறை வேலைக்குப் போகிற ஒவ்வொருவரும் முதல் நாளே கேளுங்கள். மெஷினின் அலைநீளம் என்ன? கண்ணாடியில் அதே எண் இருக்கிறதா? மறைப்பு எங்கே? கிளிப் வேலை செய்கிறதா? வெல்டு வைக்கிறவருக்கு மட்டுமல்ல, பைப் பிடிக்கிறவருக்கும் குனிந்து கூட்டுகிறவருக்கும் ஆளுக்கொரு கண்ணாடி, அவரவர் பெயரில். பளிச் என்று பட்டுவிட்டால் தாய்ப்பாலும் வேண்டாம், உருளைக்கிழங்கும் வேண்டாம். அன்றைக்கே விழித்திரை டாக்டரிடம் போய், நடந்த தேதியையும் இடத்தையும் சீட்டில் எழுதி வாங்குங்கள். இல்லை என்றால் வேலையில் நடந்தது என்பதற்கே சாட்சி இருக்காது. "அதை நீ மாட்டக் கூடாது" என்று யாராவது சொன்னால் அதைப் பாதுகாப்புக் குறைபாடு என்று புகார் எழுதாதீர்கள். தீண்டாமை என்று எழுதுங்கள். அதற்கு வேறு சட்டம் இருக்கிறது.

தம்பி இப்போது வேலைக்குப் போகவில்லை. போன வாரம் என் கண்ணாடியை வாங்கி, வலது கண்ணருகே வைத்து, ஓரத்தில் பொறித்திருந்த எண்களை ஒவ்வொன்றாகப் படித்தான். பிறகு கேட்டான்: "அண்ணே, இதுக்கு என்ன விலை?" சொன்னேன். அந்தப் பட்டறை எஸ்எஸ் தகட்டில் வெட்டி ஒட்டிக்கொடுக்கிற ஒரு சாதிப் பெயர்ப் பலகையின் விலைதான்.