உயரமும் உயர்வும்

உயரம் வேறு, உயர்வு வேறு. நெடுநெடுவென்று வளர்ந்த ஒருவனைப் பார்த்து உயரமானவன் என்று சொல்லிவிடுகிறோம். உயர்ந்தவன் என்று சொல்வதற்கு மட்டும் வேறு காரணம் தேடுகிறோம். தமிழ் பேசும் குழந்தைக்குக்கூடத் தெரிந்த இந்த வித்தியாசம், தமிழ்நாட்டின் தலைநகரத்தை ஆளுகிறவர்களுக்கும், அங்கே மனை வாங்கி விற்கிறவர்களுக்கும், கடன் போட்டு வீடு வாங்குகிற நமக்கும் மறந்துபோய்விட்டது. மாடிகளை எண்ணி நாகரிகத்தை அளக்கிறோம். முப்பது மாடி எழும்பினால் பட்டணம் முப்பது படி முன்னேறிவிட்டதாக விளம்பரம் செய்கிறார்கள். நாமும் காரை நிறுத்தி அண்ணாந்து பார்த்துவிட்டுப் போகிறோம்.

இதை எதிர்த்து ஒரு வார்த்தை சொன்னால் போதும், 'பழைய பஞ்சாங்கம்' என்ற பட்டம் கிடைத்துவிடும். திண்ணையும் முற்றமும் வேப்பமரமும் போயிற்றே என்று மூக்கைச் சிந்துகிற கோஷ்டியில் நம்மையும் சேர்த்துவிடுவார்கள். நான் அந்தக் கோஷ்டியைச் சேர்ந்தவனல்ல. திண்ணையில் யார் உட்காரலாம், யார் வாசலோடு நிற்க வேண்டும் என்பதற்கு எழுதாத சட்டம் ஒன்று இருந்ததே, அதை நான் மறக்கவில்லை. அந்தத் திண்ணைக்காக அழ என்னிடம் கண்ணீர் இல்லை. மாடி மீதும் எனக்குப் பகை கிடையாது. 1959-இல் மவுண்ட் ரோட்டில் எல்.ஐ.சி. கட்டடம் திறக்கப்பட்டபோது ஜனங்கள் வெளியூரிலிருந்தெல்லாம் வந்து வேடிக்கை பார்த்தார்கள். பதினான்கு மாடி, 177 அடி. கொஞ்ச காலம் இந்தியாவிலேயே உயரமான கட்டடம் என்ற பெயரும் அதற்கு இருந்தது. ஊரிலிருந்து ஓடிவந்த கதாநாயகன் பட்டணத்தில் கால் வைத்துவிட்டான் என்று காட்ட, சினிமாக்காரர்கள் பல வருஷங்களுக்கு அந்தக் கட்டடத்தைத்தான் காட்டினார்கள். அது ஒற்றைக் கட்டடம். ஊர் அதைத் தாங்கியது. இன்றைக்குக் கேள்வி அதுவல்ல. ஒவ்வொரு தெருவிலும் ஒன்றை நட்டுவிட்டு, ஊர் அதைத் தாங்குமா என்று ஒருவரும் கேட்காமலிருப்பதுதான் கேள்வி.

எதிர்க்கட்சியின் வாதத்தில் வலுவானதை முதலில் எடுத்துக்கொள்வோம். "ஜனத்தொகை பெருகுகிறது. நிலம் பெருகுவதில்லை. மேலே போகாவிட்டால் பக்கவாட்டில் போகவேண்டும். பக்கவாட்டில் போனால் வயலும் ஏரியும் அழியும். ஆகவே மாடி கட்டுகிறவன்தான் ஏரியைக் காப்பாற்றுகிறான்" என்கிறார்கள். கேட்க நன்றாக இருக்கிறது. வேறு ஏதாவது ஒரு தேசத்தில் இது உண்மையாகவும் இருக்கலாம். சென்னையில் நடந்தது என்ன?

சென்னைக்கு ஏரியைத் தின்பது புதிதல்ல. 1920-களில் மாம்பலம் ஏரியைத் தூர்த்துத்தான் தியாகராய நகரை உண்டாக்கினார்கள். மேற்கு மாம்பலத்தில் லேக் வியூ ரோடு என்று ஒன்று இருக்கிறது. அதில் நின்று எந்தப் பக்கம் பார்த்தாலும் ஏரி தென்படாது. நுங்கம்பாக்கத்தில் டாங்க் பண்ட் ரோடு இருக்கிறது. கரை இருக்கிறது, குளம் இல்லை. 1976-இல் எழுந்த வள்ளுவர் கோட்டமும் ஏரி இருந்த இடம்தான். சரி, அது மாடி வராத காலம், பக்கவாட்டில் பரவிய காலம் என்று வைத்துக்கொள்வோம். மாடி வந்த பிறகாவது ஏரி பிழைத்ததா? பள்ளிக்கரணையைப் போய்ப் பாருங்கள். தென் சென்னையின் பல ஏரிகளிலிருந்து வழிகிற நீரையெல்லாம் வாங்கி, ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்காம் கால்வாய்க்கும் கோவளம் முகத்துவாரத்துக்கும் அனுப்பிவைத்த பெரிய சதுப்பு நிலம் அது. அதன் ஓரத்தில் குப்பை கொட்டினோம். நடுவில் சாலை போட்டோம். அரசாங்க ஸ்தாபனங்களே அதற்குள் இடம் பிடித்தன. பழைய மகாபலிபுரம் சாலையின் கண்ணாடிக் கோபுரங்கள் அதன் கரையில்தான் நிற்கின்றன. மிஞ்சியதில் சுமார் 1,248 ஹெக்டேர் 2022-இல் சர்வதேச முக்கியத்துவம் வாய்ந்த ராம்சார் ஈரநிலமாக அறிவிக்கப்பட்டது. பறவைகளுக்காக உலகம் கொடுத்த கௌரவம் அது; நாம் கொடுத்தது குப்பை மேடு.

ஆகவே, மேலே போனால் பக்கவாட்டில் போகமாட்டோம் என்று செய்யப்பட்ட ஒப்பந்தம் இந்த ஊரில் நிறைவேறவே இல்லை. மேலேயும் போனோம், பக்கவாட்டிலும் போனோம். ஏரியைக் காக்க வந்ததாகச் சொல்லப்பட்ட கோபுரம் ஏரியின் மேலேயே போய் உட்கார்ந்துகொண்டது.

அடுத்தபடி ஒரு கணக்கு. இதற்கு எஞ்சினீயர் படிப்பு வேண்டாம். நான் இண்டர்மீடியட்டோடு நின்றவன், என்னாலேயே போட முடிகிறது. சென்னையில் ஒரு கிரௌண்டு என்பது 2,400 சதுர அடி. வருஷத்துக்குச் சராசரி சுமார் 1,400 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. அப்படியானால் ஒரு கிரௌண்டின் மேல் ஆகாயம் இறக்கிவிட்டுப் போகிற தண்ணீர் மூன்று லட்சம் லிட்டருக்குச் சற்று அதிகம். நகரவாசி ஒருவனுக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் என்பது நம் தேசத்தின் கணக்கு. நாலு பேர் கொண்ட குடும்பத்துக்கு வருஷத்தில் இரண்டு லட்சம் லிட்டருக்குக் கொஞ்சம் குறைவு. அதாவது, ஒரு கிரௌண்டில் ஒரு குடும்பம் இருந்தால், பெய்த மழையே அதன் தேவைக்கு மேல். அத்தனையையும் பிடித்துவிட முடியாது. என்றாலும் மண்ணுக்கும் மனிதனுக்கும் ஓர் உறவு இருந்தது.

இப்போது 2019-ஆம் வருஷத்துக் கட்டட விதிகளை எடுத்துக்கொள்ளுங்கள். 18.30 மீட்டருக்கு மேல் போகிற உயர் கட்டடத்துக்குத் தளப் பரப்புக் குறியீடு 3.25 வரை கிடைக்கிறது. சாலை அகலமாக இருந்து, பணமும் கட்டினால், அதற்கு மேலும் உண்டு. மேலதிகத்தை விட்டுவிட்டாலும், ஒரு கிரௌண்டுக்கு 7,800 சதுர அடி கட்டடம். ஆயிரம் சதுர அடி வீதம் ஏறக்குறைய எட்டுக் குடும்பம். அவர்களுக்கு வேண்டியது வருஷம் பதினைந்து லட்சம் லிட்டருக்கு மேல். மழை தருவதோ அதே மூன்று லட்சம்தான். விதியை மாற்றலாம், மழையை 3.25-ஆல் பெருக்க எந்த சர்க்காராலும் முடியாது.

"எட்டுக் குடும்பமும் எட்டு மனையில் குடியிருந்தாலும் அதே தண்ணீரைத்தானே குடிக்கும்?" என்று கேட்பீர்கள். வாஸ்தவம். ஆனால் எட்டு மனையிலும் மழை பெய்யும். ஒரே மனையில் எட்டுக் குடும்பத்தை அடுக்கினால், மீதி ஏழு மனையின் மழைக்குப் பதிலாகக் குழாயில் தண்ணீர் வரவேண்டும். அந்தக் குழாய் எங்கே? 2019 ஜூனில் சென்னைக்குக் குடிநீர் தருகிற ஏரிகள் வறண்டு கிடந்தபோது, உயர்ந்த மாடிகளுக்குத் தண்ணீர் வந்தது லாரியில். லாரிக்குத் தண்ணீர் வந்தது பட்டணத்தைச் சுற்றியுள்ள கிராமத்துக் கிணறுகளிலிருந்து. நமது பதினேழாவது மாடிக் குளியலறையில் ஷவர் விழுவதற்காக எங்கேயோ ஓர் உழவனின் கிணறு அடிமண் தெரிய இறங்குகிறது. அவன் பெயர் விற்பனைப் பத்திரத்தில் இல்லை. கூரை ஏறிக் கோழி பிடிக்கத் தெரியாதவன் வானம் ஏறி வைகுண்டம் காட்டுவானா என்பார்கள். தெருவுக்குச் சாக்கடை போட்டு முடிக்காத நகரம் வானத்தில் நீச்சல் குளம் காட்டுகிறது.

கட்டுவதற்கு விதியாவது இருக்கிறதே என்று ஆறுதல் கொள்ளலாமா? அந்த விதியின் சரித்திரம் ஒரு நல்ல நகைச்சுவை நாவலுக்குப் போதும். 1971-ஆம் வருஷத்து நகர் ஊரமைப்புச் சட்டத்தில் 1998-இல் 113-ஏ என்று ஒரு பிரிவைச் செருகினார்கள். விதியை மீறிக் கட்டியவர் பணம் கட்டினால் மீறலை மன்னிக்கலாம் என்பது அதன் சாரம். வழக்கு சுப்ரீம் கோர்ட்டு வரை போயிற்று. 'ஒரே ஒரு தடவை' என்பதால் 2000-இல் கோர்ட்டு அதை அனுமதித்தது. ஒரே ஒரு தடவை! குடிகாரனும் அப்படித்தான் சொல்லுகிறான். கெடு நீண்டது, பிறகும் நீண்டது. 2012-இல் 113-சி என்று இன்னொரு பிரிவு வந்து, 2007 ஜூலை 1-க்கு முன்பு கட்டியவர்களுக்கு மறுபடி கதவைத் திறந்தது. விதிப்படி இடம் விட்டு, மாடியைக் குறைத்துக் கட்டிய யோக்கியனுக்கு என்ன கிடைத்தது? அண்டை வீட்டுக்காரனின் சுவர் அவன் ஜன்னலை அடைத்துக்கொண்டு நிற்கிறது. அபராதம் அரசாங்கத்துக்கு, இருட்டு அவனுக்கு.

சட்டம் நினைத்தால் கடுமையாகவும் இருக்கும். கேரளத்தில் மரடு என்ற ஊரில் கடலோர விதியை மீறி எழுந்த அடுக்ககங்களை 2020 ஜனவரியில் கோர்ட்டு உத்தரவின்படி வெடி வைத்துத் தகர்த்தார்கள். நொய்டாவில் ஏறக்குறைய நூறு மீட்டர் உயர்ந்த இரட்டைக் கோபுரத்தை 2022 ஆகஸ்ட் 28-ஆம் தேதி சில விநாடிகளில் மண்ணாக்கினார்கள். பக்கத்துக் கட்டடங்களில் குடியிருந்தவர்கள் விடாமல் வழக்காடியதன் பலன் அது. இதை நான் வெற்றி என்று கொண்டாடமாட்டேன். நூறு மீட்டர் வளரும்வரை அது எந்த அதிகாரி கண்ணிலும் படவில்லையா என்றுதான் கேட்பேன்.

இன்னும் பெரிய கேள்வி உயிர் சம்பந்தப்பட்டது. 2017 மே 31-ஆம் தேதி தியாகராய நகர் உஸ்மான் சாலையில் ஒரு துணிக்கடையின் பல மாடிக் கட்டடம் தீப்பற்றி, ஒரு நாளைக்கும் மேலாக எரிந்தது. விடியற்காலையில், கடை திறக்காத வேளையில் பிடித்த தீ, அதனால் பிழைத்தோம். அதே தீ தீபாவளிக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை மாலையில் பிடித்திருந்தால்? நினைக்கவே உடம்பு நடுங்குகிறது. 2014 ஜூன் 28-ஆம் தேதி மௌலிவாக்கத்தில் அந்த அதிர்ஷ்டமும் இல்லை. கட்டிக்கொண்டிருந்த பதினோரு மாடிக் கட்டடம் மழைநாளில் சரிந்து விழுந்தது. அறுபத்தொரு பேர் செத்தார்கள். ஆந்திரத்திலிருந்தும் ஒரிஸ்ஸாவிலிருந்தும் நம் ஜில்லாக்களிலிருந்தும் பிழைக்க வந்த கூலிக்காரர்கள். அதற்கு ஜோடியாக நின்ற இன்னொரு கட்டடத்தை 2016 நவம்பரில் வெடி வைத்துத் தகர்த்தபோது ஜனங்கள் திரண்டுவந்து வேடிக்கை பார்த்தார்கள். விழுந்த கட்டடத்தின் படம் பலருக்கு நினைவிருக்கும். செத்த அறுபத்தொரு பேரில் ஒருவர் பெயராவது நமக்குத் தெரியுமா? எனக்குத் தெரியாது. மாடிக்கு மாடி கல் சுமக்கிறவனுக்கு அந்த மாடியில் ஒரு ஜன்னல்கூட உரிமையில்லை என்பது பழைய அநியாயம். அவன் அதன் அடியிலேயே புதைவது புதிய அநியாயம்.

ஏழைக்கும் மாடி கட்டித் தந்திருக்கிறோமே என்று சொல்லக்கூடும். தந்திருக்கிறோம். 2000-இல் கண்ணகி நகர், அப்புறம் பெரும்பாக்கம். 2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு, "ஆற்றங்கரையில் இருந்தால் மூழ்கிப்போவீர்கள்" என்று சொல்லி, கூவம், அடையாற்றுக் கரைகளில் பல தலைமுறையாக வாழ்ந்தவர்களை லாரியில் ஏற்றி, இருபது கிலோமீட்டருக்கு அப்பால், தரைக்கு மேல் ஏழு மாடியாக அடுக்கிய குடியிருப்புகளில் இறக்கினார்கள். எங்கே? அதே பள்ளிக்கரணைச் சதுப்பின் பக்கத்தில்! வெள்ளத்திலிருந்து காப்பாற்றுவதற்காக வெள்ளத்தின் வீட்டுக்கே கொண்டுபோய் விட்டோம். வீட்டு வேலை செய்கிற பெண்ணுக்கு வேலை மயிலாப்பூரில்; வீடு பெரும்பாக்கத்தில். பஸ்ஸுக்குக் கொடுத்தது போக அவள் கையில் மிஞ்சுவது என்ன? அவள் காலி செய்த இடத்தின் மதிப்பு மட்டும் உயர்ந்துகொண்டே போகிறது. இதற்குத்தான் நகர மையத்தின் அபிவிருத்தி என்று பெயர்.

நடுத்தர வர்க்கமே, உனக்கு மட்டும் இது நடக்காது என்று இருந்துவிடாதே. 2022-இல் இயற்றி, 2024 மார்ச்சில் அமலுக்கு வந்த அடுக்ககச் சட்டப்படி, மூன்றில் இரண்டு பங்குச் சொந்தக்காரர்கள் சம்மதித்தால் பழைய அடுக்ககத்தை இடித்துப் புதிதாகக் கட்டலாம். இடிந்து விழப்போகும் கட்டடத்துக்கு இது அவசியம். ஒருவருடைய பிடிவாதத்துக்காக எட்டுப் பேர் சாகக்கூடாது. ஆனால் கட்டடம் திடமாக நிற்கிறபோது, 3.25 என்ற எண்ணுக்காக மட்டுமே இடிக்கப் புறப்பட்டால்? ஒன்பது வீடுள்ள அடுக்ககத்தில் ஆறு பேர் கையெழுத்துப் போடுவார்கள். மீதி மூன்று பேர் யாராக இருப்பார்கள் என்று நான் சொல்லுகிறேன்: பென்ஷன் வாங்குகிற ஒரு வாத்தியார், ஒரு விதவை, வெளிநாட்டில் பிள்ளை இருந்தும் தனியாயிருக்கும் ஒரு கிழவர். இரண்டு மூன்று வருஷம் வாடகை வீட்டில் காத்திருந்து, புது வீட்டின் சாவியை வாங்க எத்தனை பேர் இருப்பார்கள்?

நான் கேட்பது பெரிய விஷயமல்ல. ஒரு கட்டடத்துக்கு எத்தனை மாடி என்று முடிவு செய்யும் முன், தண்ணீர் எங்கிருந்து வரும், கழிவு எங்கே போகும் என்று எழுதி, தெருவார் படிக்கும்படி வாசலில் ஒட்டட்டும். மன்னிப்புப் பிரிவுகளுக்கு நிரந்தரமாக முற்றுப்புள்ளி வைக்கட்டும். நீர்வழியில் ஒரு செங்கல் வைத்தாலும், அது அரசாங்கத்தின் செங்கல்லானாலும், எடுக்கட்டும். ஊருக்கு உழைக்கிறவர்களுக்கு ஊருக்குள்ளேயே இடம் கொடுக்கட்டும். இவ்வளவையும் செய்துவிட்டு நாற்பது மாடி கட்டினாலும் எனக்கு ஆட்சேபம் இல்லை.

செய்யமாட்டார்கள், நாம் கேட்காதவரையில். கார் நிறுத்த இடம் உண்டா, உடற்பயிற்சிக் கூடம் உண்டா, எந்த மாடியிலிருந்து கடல் தெரியும் என்றெல்லாம் விசாரிக்கிறோம். இந்த மனை முன்பு என்னவாக இருந்தது என்று மட்டும் விசாரிப்பதில்லை. விசாரித்தால் பதில் தெரிந்துவிடும் என்று பயம். நாம் கேட்காவிட்டாலும் தண்ணீருக்கு ஞாபகசக்தி உண்டு. 2015-இல் அது வேளச்சேரிக்குத் தன் பழைய விலாசம் தேடிக்கொண்டு வந்தது. 2023 டிசம்பரில் மறுபடி வந்தது. மின்சாரம் நின்றது, லிப்ட் நின்றது, மோட்டார் நின்றது. உயரத்தில் இருந்தவர்கள் உயரத்திலேயே, குடிக்கத் தண்ணீரில்லாமல், கீழே நிற்கும் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு இருந்தார்கள்.