கம்பியை மறந்த முகில்

முகிற் கணிமை என்னும் தொடர் வழக்குக்கு வந்த காலந்தொட்டு அதனோடு ஒரு மயக்கமும் சேர்த்தே பரப்பப்பட்டு வருகிறது. கம்பி, ஆளி, கணினிப் பெட்டி ஆகிய பருப்பொருள்களின் தளையிலிருந்து வலையமைப்பு விடுபட்டுவிட்டது; இனி அது திரையில் வரையப்படும் ஒரு கோடு மட்டுமே என்பதே அம்மயக்கத்தின் சாரம். விற்போர் இதனைச் சொல்வதில் வியப்பில்லை. அது அவர்தம் தொழில். வலையமைப்பைக் கற்பிப்போரும் பராமரிப்போரும் இதனை நம்பத் தலைப்படுவதே கண்டிக்கத்தக்கது.

ஓப்பன்ஸ்டாக் என்னும் கட்டற்ற மென்பொருளை எடுத்துக்கொள்ளலாம். அமெரிக்க விண்வெளி நிறுவனமான நாசாவும் ராக்ஸ்பேஸ் என்னும் வணிக நிறுவனமும் 2010ஆம் ஆண்டில் தொடக்கிவைத்த முயற்சி அது. பல கணினிகளை, அதாவது கணுக்களை, ஒருங்கிணைத்து அவற்றின்மேல் நூற்றுக்கணக்கான மெய்நிகர் கணினிகளை இயக்க அது வழிசெய்கிறது. இத்தகைய முகிலொன்றில் இரண்டு மெய்நிகர் கணினிகள் ஒரே கணுவில் இருக்கும்வரை ஒன்றோடொன்று பேசுகின்றன. அவற்றுள் ஒன்றை வேறொரு கணுவுக்கு மாற்றியதும் பேச்சு நின்றுவிடுகிறது. ஆனால் கட்டுப்பாட்டுத் திரையோ யாவும் இயங்குகின்றன என்றே பச்சை நிறத்தில் அறிவிக்கிறது.

மயக்கத்திற் பயின்றவர் இந்நிலையில் செய்வது யாது? மெய்நிகர் கணினியை நிறுத்தி மீண்டும் இயக்குகிறார், பின்னர் சேவையை, பின்னர் கணுவையே. அதுவும் பலிக்காவிடின் வலையமைப்பை அழித்துப் புதிதாய் வரைகிறார். எப்போதாவது இது பலித்தும் விடுகிறது. அதுவே பெருங்கேடு, ஏனெனில் காரணம் அறியாமலே காரியம் முடிந்ததாகக் கொள்ளும் பழக்கம் அன்றோடு வேரூன்றுகிறது.

தரவைச் சுமக்கும் சட்டகம் உண்மையிற் செல்லும் வழியை நோக்குமிடத்து நிலைமை வேறாகத் தெரியும். லினக்ஸ் பாலத்தின்மீது கட்டப்பட்ட முகிலில், மெய்நிகர் கணினியிலிருந்து வெளிப்படும் சட்டகம் முதலில் டாப் எனப்படும் இடைமுகத்தை அடைகிறது. அங்கிருந்து பாலத்துக்கும், பாலத்திலிருந்து வீலானுக்குரிய துணை இடைமுகத்துக்கும் செல்கிறது. அத்துணை இடைமுகமே அதன்மேல் 4 பைற்று நீளமுள்ள ஓர் ஒட்டினைப் பதிக்கிறது. 1998இல் 802.1கியூ என்னும் பெயரில் வெளியான தரம் இவ்வொட்டின் வடிவத்தை வரையறுத்தது. வீலானின் எண் அதில் 12 பிற்றுக்குள் அடங்கும். ஒட்டுப் பெற்ற சட்டகம் வலையமைப்பு அட்டை வழியாகக் கம்பியில் இறங்கி, கண்ணாற் காணக்கூடிய ஓர் ஆளியை அடைகிறது. அவ்வாளியின் துறை தன் பட்டியலில் உள்ள எண்களை மட்டுமே அனுமதிக்கும். பட்டியலில் இல்லாத எண்ணுடைய சட்டகத்தைச் சத்தமின்றி வீசிவிடும்.

ஒரே கணுவில் உள்ள இரண்டு கணினிகளின் உரையாடல் பாலத்திலேயே முடிந்துவிடுகிறது. கம்பியை அது தொடுவதேயில்லை. எனவே, முற்கூறிய நோய்க்குறியே பழுது எங்கே என்பதைப் பெரும்பாலும் சொல்லிவிடுகிறது. இரண்டு பாலங்களுக்கும் இடைப்பட்ட வழியிலேதான் அது தேடத்தக்கது. அங்கும் முதலில் ஐயுறத்தக்கது ஆளித்துறையின் பட்டியலே. டீ.சீ.பீ. டம்ப் என்னும் கருவியை டாப்பிலும், பாலத்திலும், அட்டையிலும், மறுகணுவின் அட்டையிலும் முறையே வைத்துப் பார்த்தால், "இம்முகவரிக்கு உரியவர் யார்?" என வினவும் ஏ.ஆர்.பீ. அழைப்பு எவ்விடம்வரை தெரிகிறது, எவ்விடத்தில் மறைகிறது என்பது புலனாகும். மறுதொடக்கங்களில் ஓரிரவைக் கழிப்பவர் இதற்கு நேரமில்லை என்பது வேடிக்கையே.

இன்னொரு பொறியும் உண்டு. ஓப்பன்ஸ்டாக்கில் ஓப்பன் வீஸ்விட்ச் பயன்படும்போது, கணுவின் உட்பாலத்தில் ஒரு வலையமைப்புக்கு வழங்கப்படும் வீலான் எண் அந்தக் கணுவுக்கு மட்டுமே உரியது. ஒரே வலையமைப்பு ஒரு கணுவில் 3 எனவும் மற்றொன்றில் 7 எனவும் குறிக்கப்படலாம். வெளியேறும்போது அது மெய்யான எண்ணாக மாற்றப்படும். நன்னூல் பயின்றவர்க்கு இது எளிதில் விளங்கும். இவ்வெண் காரணப்பெயரன்று, இடுகுறி. அதுவும் ஊரெல்லைக்குள் மட்டும் செல்லும் இடுகுறி. இதனை அறியாதவர் 3உம் 7உம் ஒவ்வாமையே பழுதெனக் கொண்டு, நன்றாயிருந்ததையும் கெடுத்துவிடுகிறார்.

வீலானின் காலம் முடிந்துவிட்டது, 2014இல் வெளிவந்த வீஎக்ஸ்லான் இத்தொல்லைகளை நீக்கிவிட்டது என்று வாதிடுவோர் உளர். 4,094 வலையமைப்புகள் என்ற எல்லையை ஏறத்தாழ 1 கோடியே 67 இலட்சமாக அது உயர்த்தியதும், புதிய வலையமைப்பு ஒவ்வொன்றுக்கும் ஆளியைத் தொடவேண்டிய தேவையைக் குறைத்ததும் உண்மையே. ஆயினும் அது ஒவ்வொரு சட்டகத்தையும் மற்றொரு பொதிக்குள் இட்டு அனுப்புகிறது. இதற்கு 50 பைற்று மேலதிகமாகிறது. கம்பியின் எல்லை 1,500 பைற்றாயின் மெய்நிகர் கணினிக்கு எஞ்சுவது 1,450. இதனைக் கருதாது 1,500 என்றே விட்டுவிட்டால், சிறிய பிங் பொதிகள் தடையின்றிச் சென்று திரும்பும். பெரிய கோப்பு இடைவழியில் நின்றுவிடும். பிங் சென்றது, ஆகவே வலையமைப்பு நலம் என்று அறிக்கை எழுதப்படும். பழி பயன்பாட்டு மென்பொருளை எழுதியவர் தலையில் விழும்.

உள்ளமைப்பை மறைப்பதுதானே பொறியியலின் முன்னேற்றம் என்பது அவர்களின் அடுத்த வாதம். பயன்படுத்துவோருக்கு மறைப்பது நன்றே. கவிதை எழுதுபவர் அச்சியந்திரத்தின் பற்சில்லுகளை அறியவேண்டியதில்லை. அச்சகத்தாருக்கும் அவை தெரியவேண்டியதில்லை என்றால் நூல் வெளிவராது. பராமரிப்போரின் அறியாமையால் நட்டப்படுபவர் நள்ளிரவில் எழுப்பப்படும் இளநிலை ஊழியரே. இலாபம் அடைபவர், பச்சை விளக்குகளுக்குப் பின்னால் நடப்பதை அறிந்து அவ்வறிவை வாடகைக்கு விடும் சில நிறுவனங்கள்.

இவ்வறிவைப் பெறுவதற்குப் பெருஞ்செலவு தேவை என்பதும் பொய். பாலமும் வீலானும் லினக்ஸ் கருவிலேயே உள்ளன, டீ.சீ.பீ. டம்ப் விலையின்றிக் கிடைக்கிறது. வலையமைப்பு வெளிகளைத் தனித்தனியே பிரிக்கும் வசதியைக் கொண்டு ஒரே பழைய கணினியில் இரண்டு கணுக்களைப் பாவனை செய்து, வேண்டுமென்றே ஒரு பாலத்தை முறித்துப் பார்க்கலாம். இருந்தும் ஏழு அடுக்குகளின் பெயர்களை வரிசையாக எழுதுக என்று கேட்கும் வினாத்தாள், முறிந்த பாலமொன்றைக் கொடுத்து ஏ.ஆர்.பீ. அழைப்பு எங்கே நின்றது என்று கேட்பதில்லை. அத்தகைய வினாவுக்கு முன்கூட்டியே எழுதி வழங்கக்கூடிய விடை கிடையாது. திருத்துபவரும் அதனை ஒருமுறை தாமே செய்து பார்த்தாக வேண்டும்.