வரைவும் குழலும்

1942-ஆம் ஆண்டில் அமெரிக்கப் படைத்துறை ஏறத்தாழப் பத்து நூறாயிரம் சிறு துமுக்கிகளை (துப்பாக்கிகளை)ச் செய்வித்தது. ஒரு முறைக்கு ஒரு குண்டே சுடவல்ல, தகட்டாலான மட்டமான கருவி அது. பகைவர் கைப்பற்றிய நாடுகளில் வானூர்தியினின்று எறிந்து, அடிமைப்பட்ட மக்கள் கைகளில் அதனைச் சேர்ப்பதே நோக்கம். 'விடுவிப்பான்' என்று பொருள்படும் பெயரும் அதற்கு வழங்கிற்று. எண்ணியவாறு அவை போய்ச் சேரவில்லை. பெரும்பகுதி பின்னர் அழிக்கப்பட்டது.

எழுபத்தோர் ஆண்டுகள் கழிந்தபின், 2013 மே திங்களில், தெக்சாசு மாநிலத்துக் கோடி வில்சன் என்பார் அதே பெயரை வேறொரு துமுக்கிக்கு இட்டார். கணினி வரைவின்படி நெகிழியை உருக்கி அடுக்கடுக்காகப் படியவைத்து உருச்சமைக்கும் முப்பருமான அச்சுப்பொறியில் பிறந்தது அது. அதன் வரைவுகளை அவர் இணையத்தில் யாவர்க்கும் திறந்துவிட்டார். இரண்டே நாளில் நூறாயிரத்திற்கு மேற்பட்ட படிகள் எடுக்கப்பட்டன. படைக்கல ஏற்றுமதிச் சட்டத்தைக் காட்டி அவற்றை நீக்குமாறு அமெரிக்க வெளியுறவுத் துறை ஆணையிட்டது. அவரும் நீக்கினார். அதற்குள் அவை உலகெங்கும் பரவிவிட்டன.

அன்று தொடங்கிய வழக்கு இன்னும் ஓய்ந்தபாடில்லை. வழக்குமன்றங்களில் நடந்ததை விடக் கணினி வல்லாரிடையே நடப்பதே கூர்மையானது. 1983-இல் இரிச்சர்டு சுட்டால்மன் தொடங்கிய கட்டற்ற மென்பொருள் இயக்கத்தின் முதல் உரிமை, ஒரு மென்பொருளை எந்நோக்கத்திற்கும் இயக்கலாம் என்பதாகும். 1998-இல் அமைந்த திறவூற்று அமைப்பினரும், எந்தத் துறையினர் பயன்படுத்துவதையும் உரிமம் தடுக்கலாகாது என்றே வரையறுத்தனர். அவ்வமைப்பை நிறுவியோருள் ஒருவரான எரிக் இரேமண்டு, துமுக்கி உரிமைக்கும் வெளிப்படையாக வழக்காடி வருபவர். அச்சுப்பொறியே கூட இவ்வியக்கத்தின் பிள்ளைதான். 2005-இல் இங்கிலாந்தின் பாத்து பல்கலைக்கழகத்தில் ஏட்ரியன் போயர் தொடங்கிய திறந்த வரைவுகளும், 2009-இல் முடிவுற்ற ஒரு தனியுரிமைக் காப்பும் சேர்ந்தே அதை எளியோர் மேசைக்குக் கொணர்ந்தன. ஆகவே, 'நிரல் கட்டற்றதெனின் துமுக்கியும் கட்டற்றதே; ஒன்றைத் தடுப்பவன் மற்றதையும் தடுப்பான்' என்று சிலர் கிளம்பிவிட்டனர்.

இக்கூற்றின் முற்பாதியில் நமக்கு முழு உடன்பாடு. 1991-இல் பில் சிம்மர்மன், பிறர் படிக்கவியலாதவாறு மடலைப் பூட்டும் ஒரு மென்பொருளை எழுதி வெளியிட்டார். அந்நாளில் மறையாக்க மென்பொருளும் படைக்கலப் பட்டியலில் இருந்தது! படைக்கலத்தை நாடு கடத்தினாரா என்று அவரை ஆண்டுக்கணக்கில் உசாவினர். 1995-இல் மாசச்சூசெட்சுத் தொழில்நுட்பக் கழக வெளியீட்டகம் அந்நிரல் முழுவதையும் ஒரு நூலாகவே அச்சிட்டது. நூலுக்கு அவர்களால் விலங்கிட முடியவில்லை. 1996-இல் உசாவல் கைவிடப்பட்டது. நிரலும் பேச்சே என்று கலிபோர்னியாவில் ஒரு வழக்குமன்றம் அவ்வாண்டிலேயே தீர்ப்பளித்தது. இன்று கையடக்கப் பேசியில் வைப்பகக் கணக்கைத் திறக்கும் எளிய மகன் அத்தகைய பூட்டை நம்பியே திறக்கிறான். பட்டியல் எழுதும் அதிகாரிகளின் கையில் எழுத்தை ஒப்படைத்தால் என்ன நேரும் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ? 2018-இல் நியூசெர்சி மாநிலம் துமுக்கி வரைவுகளைப் பரப்புவதையே குற்றமாக்கிற்று. அது தவறான சட்டம், பயனற்றதும் ஆகும்.

பிற்பாதியில்தான் புரட்டு இருக்கிறது. 'எந்நோக்கத்திற்கும்' என்று மென்பொருளார் எழுதியது, எழுதியவன் பயன்படுத்துவோன் மேல் நாட்டாண்மை செய்யலாகாது என்பதற்காகவே. அது உரிமத்திற்கு இட்ட வரம்பு. நாட்டின் சட்டத்தைத் தள்ளுபடி செய்யும் ஓலையன்று. கட்டற்ற மென்பொருளைக் கொண்டு ஒருவன் வைப்பகத்தைக் கொள்ளையிட்டால், நிரல் கட்டற்றது எனவே கொள்ளையும் கட்டற்றது என்று எந்த மன்றத்திலும் சொல்ல இயலுமா? துமுக்கிக்கு மட்டும் அது எப்படிச் செல்லும்?

ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். இவ்வரைவு வெறும் எழுத்தன்று. பொறியிலிட்டால் தானே பொருளாகிற எழுத்து. நூலுக்கும் செயலுக்கும் இடையே இருந்த தொலைவு இங்குக் குறுகிவிட்டது. எனினும் அற்றுப்போகவில்லை. பொறியை இயக்குபவன் ஒருவன் உளன். அவன் கையில் இறுதியில் ஒரு பொருள் இருக்கிறது. சட்டம் பற்ற வேண்டியது அதனை.

சப்பான் அவ்வாறே செய்தது. 2014-இல் துமுக்கிகளை அச்சிட்டு வைத்திருந்த ஒருவருக்கு, செய்த துமுக்கிகளுக்காக ஈராண்டுச் சிறை விதித்தது. அதே நாட்டில் 2022-இல் முன்னாள் தலைமையமைச்சர் சின்சோ அபே சுடப்பட்டதோ குழாயும் மரமும் கொண்டு கையால் செய்த கருவியால்! அதற்கு அச்சுப்பொறியே தேவைப்படவில்லை.

அமெரிக்காவில் 1968-ஆம் ஆண்டுச் சட்டப்படி, தொழிலாகச் செய்து விற்கும் துமுக்கிக்கு எண் பொறித்தல் வேண்டும். தன் பயனுக்குத் தானே செய்துகொள்பவனுக்கு நடுவண் சட்டத்தில் அத்தேவை இல்லை. இப்புழைவழியே வணிகர் நுழைந்தனர். முக்காலும் முடிந்த உறுப்புகளை, துளையிடும் அச்சோடும் அலகோடும் ஒரே பெட்டியிலிட்டு, எண்ணுமின்றிப் பெயருமின்றி விற்றனர். 2022-இல் அரசு அதற்குத் தடை வகுத்தபோது, உரிமை பறிபோயிற்று என்று அலறினர். பெட்டியில் இருந்தது பேச்சன்று, சரக்கு. 2025 மார்ச்சில் உச்ச வழக்குமன்றம் எழுவர்க்கு இருவராக அரசின் ஒழுங்கையே நிலைநிறுத்தியது.

விடுதலை என்னும் சொல் இங்கெல்லாம் கடைப்பலகையாகத் தொங்குகிறது. ஆயின் அச்சொல்லை நாம் எளிதில் தூக்கியெறியவும் மாட்டோம். 2019-இல் செருமனியின் ஆலே நகரில் யூதர் வழிபாட்டிடத்தைத் தாக்க வந்து இருவரைக் கொன்றவனிடம் அச்சிட்ட உறுப்புகள் கொண்ட துமுக்கிகள் இருந்தன. 2021-இல் படைத்துறை ஆட்சியைப் பறித்த பின்னர், மியன்மாவில் அதனை எதிர்த்துக் காடேறிய இளைஞர் சிலரிடமும் அச்சிட்ட துமுக்கிகள் காணப்பட்டன. வரைவு இருவரையும் வேறு பிரித்தறியாது. மக்கள் இட்ட சட்டம் உயிரோடிருக்கும் நாட்டில் அச்சட்டத்திற்குத் தப்புவதற்காகச் செய்யும் துமுக்கியையும், சட்டத்தையே கொன்றவர்முன் ஏந்தும் துமுக்கியையும் ஒரே சொல்லால் புகழ்வோர்தாம் பிரித்தறிய மறுக்கின்றனர்.

இத்தனை வழக்குகளுக்கிடையே எவரும் போதிய அளவு பேசாத ஒன்று உண்டு. நெகிழிப்பொறி குழலை அச்சிடும், வெடிமருந்தை அச்சிடாது. குண்டு கடையிலிருந்தே வரவேண்டும். ஆயினும் குண்டு வாங்குவோன் எத்தகையவன் என்று ஆராய்ந்த பின்னரே விற்க வேண்டும் என்னும் கட்டாயம் அமெரிக்க நடுவண் சட்டத்தில் இன்றும் இல்லை. வரைவுகளைத் தடுக்க மாநிலங்கள் மன்றம் ஏறி நின்ற அவ்வாண்டுகளிலெல்லாம், தூண்டில் விற்கும் கடைகளில் தூண்டிலுக்குப் பக்கத்திலேயே குண்டுப் பெட்டிகள் அடுக்கப்பட்டிருந்தன.