தேயிலையின் எழுத்தை வாசிப்போர் யார்?

1869ஆம் ஆண்டில் இலங்கையிற் கண்ட இலைத்துரு நோய் கோப்பித் தோட்டங்களை அழித்தது. அதனை ஆராய மார்ஷல் வார்ட் என்னும் அறிஞர் வந்தது 1880இல்; நோயின் இயல்பை அவர் விளக்கியும் கோப்பி பிழைக்கவில்லை. காலந்தாழ்ந்து வரும் அறிவாற் பயனென்ன?

இன்று இரத்தினபுரி, கேகாலைத் தோட்டமக்கள் தேயிலையையும் இறப்பரையும் நம்பி வாழ்கின்றனர். 2017இல் சீன அறிஞர் தேயிலையின் மரபணுத் தொகுதியை வெளியிட்டனர். அஃது ஏறத்தாழ 300 கோடி எழுத்துக்களாலானது. அவ்வெழுத்துக்களைப் பொறி வாசித்துவிடும். ஆயின், வறட்சியைத் தாங்கும் செடி வாடுஞ் செடியினின்றும் எவ்வெழுத்துக்களால் வேறுபடுகின்றதெனக் கண்டுரைக்க உயிரியலும் கணிதமும் கணினியும் ஒருங்கு கற்றோர் வேண்டும். பயிராராய்வோர் ஒவ்வொருவரும் இவை யாவும் கற்றல் அரிது. அவர்க்குத் துணைநிற்கும் பொது நிலையமொன்று வேண்டும்.

அயல்நாட்டுக்கு அனுப்பினாற் போதாதோ என்பர் சிலர். எழுத்துக்களை அங்கு வாசிப்பிக்கலாம். எமது மண்ணுக்குரிய வினாவை எம்மவரே எழுப்பல் வேண்டும்.

இரத்தினபுரியில் தேயிலை ஆராய்ச்சி நிலையத்தின் கிளையுண்டு; பெலிகுல்ஓயாவிற் சபரகமுவப் பல்கலைக்கழகமுண்டு. இவ்விரண்டுக்கும் பொதுவாக அந்நிலையம் அமைக.

அன்பர்காள்! கட்டிடங்களுக்கு நிதி திரட்டும் நாம், கொழுந்து பறிக்குந் தாய்மாரின் பிள்ளைகள் இருவரையேனும் இத்துறையிற் பயிற்றுவிப்போமாக.